கேட்டைத் திறங்க அம்மிணி

ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, வண்டியும் வராமல் கேட்டும் திறக்காமல், உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆளை மனசுக்குள் என்றைக்காவது திட்டியிருக்கிறீர்களா? திட்டியிருந்தால், அது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. வருத்தம் ஒன்றுமில்லை. அவசரமாகப் போகிறவர்களை நிறுத்திவைப்பதுதான் என் தொழில். நிற்கிறவருக்கு எவ்வளவு கஷ்டமோ, நிறுத்துகிறவளுக்கும் அவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே வயலுக்கு நடுவில் ஒரு பழைய கிளைப் பாதை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதில் ரயில் ஓடி யாரும் பார்த்ததில்லை. தண்டவாளத்துக்கு நடுவில் எருக்கஞ்செடி என் உயரத்துக்கு நின்றது. இப்போது அதைச் செப்பனிட்டு, உள்ளூர்ச் சரக்கு வண்டி விட்டிருக்கிறார்கள். மில் அரிசியும் தேங்காயும் இங்கிருந்து போகும், உரமும் மாட்டுத் தீவனமும் அங்கிருந்து வரும். காலையில் ஒரு நடை, மதியத்துக்கு மேல் ஒரு நடை. ஆனால் எல்லாம் சோதனை ஓட்டம். ஒழுங்காக ஓடினால் நீடிக்கும், இல்லையென்றால் மறுபடியும் எருக்கஞ்செடி.

வண்டி நின்றால் என் காண்ட்ராக்ட் வேலையும் நிற்கும். அப்புறம் எனக்குத் திருப்பூர்தான். என் வீட்டுக்காரர் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஒற்றை அறை. நானும் போனால் இரண்டு பேருக்கும் பகல் முழுக்க ஷிப்ட். குழந்தையை அங்கே வைத்துப் பார்க்க வழியில்லை. என் மகள் பாப்புவுக்கு மூன்று வயசு. அவளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஆக, ரயிலை மட்டும் சோதித்துப் பார்த்தார்கள் என்று நினைக்காதீர்கள்.

நெல்லு காயுது, சித்த இருங்க

முதல் வண்டி வருகிற அன்றைக்கு என்கூட இருந்தவர் அந்தோணி அண்ணன். தண்டவாளத்தோடு நடந்து ஆணி கிளிப் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கீமேன். வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் பிறந்தவர். "எங்க மாவட்டத்துல ரயிலே கெடையாது தங்கச்சி. அதான் ரயிலைக் கண்டா எனக்கு மரியாதை" என்பார்.

என் வேலை இதுதான். ஸ்டேஷனிலிருந்து போன் வரும். கேட்டை அடைத்துப் பூட்டிவிட்டு, என்னிடம் கொடுத்திருக்கிற ரகசிய எண் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் அங்கே சிக்னல் கொடுப்பார்கள். எண்ணைச் சொல்லிவிட்டால், வண்டி கடக்கிறவரை கேட்டை யாருக்காகவும் திறக்கக் கூடாது. அந்த முதல் போன் வந்தபோது நான் கேட்டைப் பார்த்தேன். புதுசாக கான்கிரீட் போட்ட இடம், நல்ல சூடு. தண்டவாளத்தின் மேலே, இரண்டு பக்கமும், நெல்லைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். ரயில் இல்லாத வருஷமெல்லாம் அங்கே காயப்போட்ட பழக்கம். பெண்கள் கால்களால் நெல்லைத் துழாவிக்கொண்டு சாவகாசமாக நின்றார்கள்.

"வண்டி வருதுங்க, அள்ளுங்க" என்றேன். "இன்னும் ஒரு காய்ச்சல் காயணும், சித்த இருக்கச் சொல்லு" என்றாள் ஒருத்தி. போனில் ஸ்டேஷன் மாஸ்டர் "என்னாச்சு, நம்பர் சொல்லுங்க" என்று கத்துகிறார். நான் விளக்குமாற்றை எடுத்தேன். அந்தோணி அண்ணன் சட்டையைக் கழற்றி அதாலேயே நெல்லைத் தள்ளினார். ஒருவழியாக அள்ளி முடித்து, எண்ணைச் சொல்லி, பச்சைக் கொடியைப் பிடித்து நின்றேன். வண்டி கடந்த பிறகு பார்த்தால், ஒதுங்கிக் கிடந்த கொஞ்சம் நெல் தண்டவாளத்தில் நசுங்கி வெள்ளையாகக் கிடந்தது. அந்தோணி அண்ணன் ஒரு பிடி எடுத்து ஊதிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மில்லுக்கே போகாம அரிசியாக்கிக் குடுத்திருக்கு தங்கச்சி. இதுக்கும் அரவைக் கூலி கேப்பாய்ங்க, பாரு."

பொங்குகிற சரக்கு

எங்கள் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் கள்ளுத் தோப்பு. விடிந்ததும் இறக்கிய கள்ளைக் கேன்களில் நிரப்பி, தெற்கே இருக்கிற லைசென்ஸ் கள்ளு ஷாப்புகளுக்கு ஜீப்பிலும் வேனிலும் கொண்டுபோவார்கள். எல்லாரும் என் கேட்டைத் தாண்டித்தான் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். கள்ளு பால் மாதிரி இல்லை, கேனுக்குள்ளே அதன் பாட்டுக்குப் பொங்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திவைத்தால் கோபம் வரும்.

ஒருநாள் காலை ரயில் புறப்படத் தாமதம். நான் எண்ணைச் சொல்லியாகிவிட்டது. வெயில் ஏறுகிறது. வேன்கள் வரிசைகட்டி ஆரன் அடிக்கின்றன. பின்னாலிருந்தவன் முட்ட, முதலில் நின்ற வேன் நகர்ந்து வந்து கேட்டுக் கம்பத்தை உரசியது. கம்பம் ஒடிந்தால் சோதனை ஓட்டம் அன்றோடு முடிந்தது. நான் போய்க் கம்பத்துக்கும் வேனுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். பம்பர் என் முட்டியில் சுடுகிறது. "ஏத்தறதுன்னா என்ற மேல ஏத்திப்போட்டுப் போங்க" என்றேன். அதே நேரம் வேனுக்குள் பட்டென்று ஒரு சத்தம். கேன் மூடி தெறித்து, நுரை பொங்கிக் கதவிடுக்கு வழியாக ரோட்டில் இறங்கியது. அடுத்து இன்னொன்று.

டிரைவர் இறங்கி வந்து நுரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னும் வராத ரயிலின் திசையைப் பார்த்தார். திட்டு விழும் என்று தயாராக நின்றேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங் அம்மிணி, உங்க ரயிலு நின்னா சரக்கு அப்பிடியே இருக்குமுங்க. என்ற வண்டி நின்னா சரக்கு மட்டும் தனியா கெளம்பிப் போயிருமுங்க."

செவலை

ஆறுச்சாமி என்று ஒரு விவசாயி. கேட்டுக்குப் பக்கத்து வீடு. அவருடைய செவலைப் பசுவுக்குத் தண்டவாளம்தான் கட்டுத்தறி. வருஷக்கணக்காகக் கயிற்றைத் தண்டவாளத்து இணைப்பில் முடிந்து வைப்பார். அது சுற்றிலும் மேய்ந்துவிட்டு நடுவில் படுத்து அசைபோடும். ரயில் வந்த பிறகு நான் பலமுறை சொல்லியாகிவிட்டது. "பாக்கலாம் அம்மிணி" என்பார்.

ஒரு மதியம் எண்ணைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், வண்டி வருகிற பக்கம், வளைவுக்கு இந்தப்புறம், செவலை படுத்திருக்கிறது. கயிறு தண்டவாளத்தில் முடிச்சு. போய் அவிழ்க்க நேரமில்லை. சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு பசுவையும் தாண்டி ஓடினேன். கருங்கல் சல்லியில் செருப்பு ஒன்று எங்கேயோ போனது. வளைவில் என்ஜின் தலை தெரிந்தது. கொடியை வீசிக்கொண்டே ஓடினேன். பிரேக் கிறீச்சிட்ட சத்தம் பல்லில் கூசியது. வண்டி நின்றது. ஆனால் அந்த இடம் ஏற்றம். உர மூட்டை முழு லோடு. நின்ற வண்டி மறுபடி ஏற முடியாமல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கடைசியில் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய், வேகம் பிடித்துத் திரும்பி வந்தார்கள். அன்றைய நடை கெட்டது.

ரயில்வே இன்ஸ்பெக்டர் வந்தார். ஒற்றப்பாலத்துக்காரர், சின்ன வயசு, என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீங்க செஞ்சது சரி. ஆனா லாரிக்காரங்க இந்த லைனை மூடச் சொல்லி மேலதிகாரிங்க வரைக்கும் போயிட்டு இருக்காங்க. சோதனை முடியறதுக்குள்ள இந்த கேட்ல வண்டி இன்னொரு தடவை நின்னா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். ஆறுச்சாமி அதற்குள் நிதானமாக வந்து முடிச்சை அவிழ்த்தார். "என்ற மாட்டுக்கு நேரங்காலம் தெரியுமுங்க. உங்க ரயிலுக்குத்தான் தெரியல" என்றார். பின்னாலேயே அவர் சம்சாரம் ரங்கம்மாள் வந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள்: "ரயிலு வந்து நின்னாத்தான் எந்திரிப்பீங்களா? நானு காத்தால இருந்து சோத்தைப் போட்டு வெச்சுட்டுக் கத்தறேன், ஒரு கொடி புடிச்சு நின்னிருக்கோணுமாட்ட இருக்குது."

செவ்வாடை

இன்ஸ்பெக்டர் அப்படிச் சொன்ன பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் வண்டி நின்றுவிடும் போலவே தோன்றியது. காற்றில் பறக்கிற பிளாஸ்டிக் பையைக்கூட ஓடிப்போய்ப் பொறுக்கினேன்.

தை மாசம், அம்மனுக்கு விரதமிருந்த பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து கேட்டில் நின்றார்கள். தலையிலிருந்து கால்வரை சிவப்பு. அதுவரை அந்தப் பாதையில் ரயில் பார்த்ததில்லையாம், எல்லாரும் இறங்கி வேலியோரம் நின்றார்கள். ஏற்றத்தில் என்ஜின் முனகிக்கொண்டு வருகிறது. இவர்கள் சந்தோஷத்தில் கைகளைத் தூக்கி ஆட்டினார்கள், முந்தானையெல்லாம் பறந்தது. சிவப்பாக எதை வேகமாக ஆட்டினாலும் டிரைவருக்கு அது அபாயம்தான். பிரேக் பிடிக்கிற காற்றுச் சத்தம் கேட்டது. வண்டி தளர்ந்தது. நான் பச்சைக் கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடினேன். "கையைக் கீழ போடுங்க, கும்புடுங்க, எல்லாரும் கும்புடுங்க" என்று கத்தினேன். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மொத்தப் பேரும் கைகூப்பி ரயிலைக் கும்பிட்டார்கள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். என் பச்சைக் கொடியைப் பார்த்தார். சக்கரம் நிற்கப் போகிற நேரத்தில் என்ஜின் மறுபடி உறுமி ஏறியது. கடைசிப் பெட்டி போனதும் நான் கொடியைச் சுருட்டினேன். ஒரு அக்கா வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆத்தாளே நேர்ல வந்து நின்னாலும் நீ கொடி காட்டித்தான் உடுவியாட்ட இருக்குது."

நிற்கக் கூடாத ஊர்வலம்

சோதனை ஓட்டம் முடிகிற வாரத்தில் ஆறுச்சாமி இறந்துபோனார். வயலுக்கு மடை திருப்பப் போனவர், வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். ஆற்றங்கரைச் சுடுகாடு என் கேட்டுக்கு அந்தப்புறம். காலையிலேயே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இளைய மகன் சின்னக்கானலில் ஓட்டலில் வேலை. அவன் மலையிலிருந்து இறங்கி வந்து சேர நேரமாகிவிட்டது. தப்பு மேளச் சத்தம் கிளம்பியபோது நான் மதிய வண்டிக்கு எண்ணைச் சொல்லி முடித்திருந்தேன்.

எங்கள் ஊரில், தூக்கிய பாடை நிற்கக் கூடாது. பாதி வழியில் ஒரு மேடு உண்டு, அங்கேதான் ஒருமுறை இறக்கித் தலைமாற்றித் தூக்குவார்கள். அந்த மேடும் கேட்டுக்கு அந்தப்புறம். நடுவில் எங்கேயாவது நின்றால் ஆகாது, திரும்பி நடந்தால் அதைவிட ஆகாது. ரயில் இல்லாத இத்தனை வருஷத்தில் எந்தப் பாடைக்கும் இப்படி ஒரு கேட் குறுக்கே வந்ததில்லை. ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். "வண்டி விட்டாச்சு. இனி நிறுத்தணும்னா உங்க சிவப்புக் கொடிதான். இன்னைக்கு என்ஜின்ல இன்ஸ்பெக்டரும் வர்றார்" என்றார் மாஸ்டர். நிறுத்தினால் ஏற்றத்தில் நிற்கும். நின்றால் லைன் போகும். திருப்பூர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஊர்வலம் திருப்பத்தில் வந்துவிட்டது. மூத்த மகன் செந்தில் நெருப்புச் சட்டியோடு முன்னால் வந்தார். "கேட்டைத் திறங்க அம்மிணி" என்றார். முதலில் சாதாரணமாகத்தான் கேட்டார். "வண்டி வருதுங்ண்ணா" என்றேன். "எங்கப்பனை நடுரோட்டுல நிறுத்தச் சொல்றீங்களா?" குரல் ஏறியது. பின்னாலிருந்த பையன்கள் வந்து கேட்டைத் தூக்குகிற கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார்கள். பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில். "சாவியைப் புடுங்குடா" என்று ஒருத்தன் சொன்னது காதில் விழுந்தது. பாடை நெருங்கிக்கொண்டே இருந்தது. வளைவுக்கு அப்பால் ஆரன் கேட்டது.

எனக்கு அந்த நிமிஷம் தோன்றியது ஒன்றுதான். "நிக்கச் சொல்லலீங்ண்ணா" என்றேன். "நிக்காதீங்க. நடந்துட்டே இருங்க. என்ற கேட் ரூமைச் சுத்தி நடங்க." கேட்டுக்கு இந்தப்புறம் ரோட்டோரம் தனியாக நிற்கிற ஒற்றை அறை அது. பாடை தெருவில் போனாலே கதவைச் சாத்திக்கொள்கிற ஊர் இது. போன பிறகு வாசலில் தண்ணீர் தெளிப்பார்கள். தன் இடத்தைப் பாடை சுற்றி வரட்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாப்புவையும் கூட்டிக்கொண்டு சோறு கொண்டுவந்த என் மாமியார் அறை வாசலில்தான் நின்றார். "உள்ள பச்சைப்புள்ள தூங்குது புள்ள. உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். "புள்ள தூங்கட்டுங்க அத்தை. நீங்க கதவை மட்டும் சாத்திக்கங்க" என்றேன்.

முதலில் புரிந்துகொண்டவர் தப்படிக்கிறவர். அடியை மாற்றாமல் அப்படியே இடப்பக்கம் திரும்பி, என் அறைக்குப் பின்னால் நடந்தார். தூக்கியவர்களின் கால் தாளத்தோடு போனது. பாடை நிற்கவில்லை. அறையைச் சுற்றி வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது. செந்தில் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தார். சங்கு ஊதுகிறவர் என்னைத் தாண்டும்போதெல்லாம் ஒருமுறை ஊதினார். பொரி என் ஜன்னலில் விழுந்தது. நான் பச்சைக் கொடியோடு தண்டவாளத்தைப் பார்த்து நின்றேன், முதுகுக்குப் பின்னால் ஆறுச்சாமி சுற்றிக்கொண்டிருந்தார். உர மூட்டை ஏற்றிய வண்டி அவ்வளவு மெதுவாக எந்த நாளும் ஏறியதில்லை. டிரைவர் பாடையைப் பார்த்திருக்க வேண்டும். வழக்கமாக விட்டுவிட்டு அடிக்கிற ஆரனை, கேட்டைத் தாண்டுகிற வரை ஒரே இழுப்பாக இழுத்தார். தப்பு மேளமும் விடவில்லை.

கடைசிப் பெட்டி கடந்ததும் பூட்டைத் திறந்து கேட்டைத் தூக்கினேன். பாடை சுற்றில் இருந்தபடியே, ஒரு அடிகூடத் தயங்காமல், அந்தப்புறம் போய்விட்டது. மாமியார் குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து அறையைச் சுற்றி ஊற்றினார். உள்ளே பாப்பு எழுந்து உட்கார்ந்து, மேளம் எங்கே போச்சு என்று கேட்டாள். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து, இன்னும் காயாத ஈரத்தையும் ஒட்டிக்கிடந்த பொரியையும் பார்த்தார். என்ன எழுதப் போகிறாரோ என்று நான் அவர் கையையே பார்த்து நின்றேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "கேட் அடைச்சிருந்தது, வண்டி நிக்காம போச்சு. அது போதும். பாக்கியை எழுதினா எனக்குத்தான் மூளை கலங்கிடுச்சுன்னு லீவு போடச் சொல்லுவாங்க."

துக்கம் கேட்கப் போனது

காரியம் முடிகிறவரை அந்த வீட்டுப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. ஊரில் பாதிப் பேர் நான் செய்தது அநியாயம் என்றார்கள். பாப்பு ஒருநாள் லேசாக இருமினாலும் மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார், நானும் இரவெல்லாம் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அதற்குள் லைன் தொடர்ந்து ஓடும், எங்கள் வேலையும் தொடரும் என்று சேதி வந்துவிட்டது. அந்தோணி அண்ணன்தான் கேட்டில் எனக்குப் பதிலாக உட்கார்ந்துகொண்டு, "போயிட்டு வா தங்கச்சி. வஞ்சா வசவை வாங்கிக்க" என்று என்னை அனுப்பினார்.

செவலை இப்போது வீட்டுக்குப் பின்னால் கட்டுத்தறியில் நின்றது. செந்தில் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வெளியே போனார். ரங்கம்மாள் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். அவளே என் கையைப் பிடித்தாள். "பசங்க வந்து சொன்னாங்க. கோயிலைச் சுத்தறாப்பல சுத்தி வந்தாங்களாமா. ரயிலு ஊதிக்கிட்டே போச்சாமா. ஊருல வேற எவனுக்கு இப்பிடி நடந்திருக்குது? இருந்த வரைக்கும் ஒரு எடத்துல உக்காந்தா எந்திரிக்காத மனுசன், போறப்பத்தான் நிக்காம நடந்திருக்கறாரு" என்றாள். அழுகையும் சிரிப்புமாக அவள் தோள் குலுங்கியது.

திருப்பூர் போக வேண்டியதில்லை என்று அவளிடம் சொன்னேன், சந்தோஷப்படுவாள் என்று. அவளுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. ஊரில் எல்லாரும் சீக்கிரம் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிற இந்த வேலையில், அடைத்துவைக்கச் சொல்லி முன்கூட்டியே சொல்லிவைத்த ஒரே ஆள் ரங்கம்மாள்தான்:

"நானு போறப்பவும் ரயிலு வர்ற நேரமாப் பாத்துக் கேட்டைப் போட்டு வெய்யி கண்ணு. அது வரைக்கும் வேற கேட்டுக்கு மாத்திக்கிட்டுப் போயிராத."